மஞ்சள் தடவாத கவர்

மகனே, கன்னடத்தில் ஓடும் உன் கண் தமிழில் நடக்கும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு நடந்தே படி. அப்பாவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லாதே. அவர் நடுநடுவே விளக்கம் சொல்வார். அந்த விளக்கங்கள் அவருக்குச் சாதகமாக இருக்கும். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகாமல் நிற்கிறது. மூன்று நாளாக நீ அச்சகத்துக்காரரைத் திட்டுகிறாய். அவர் பாவம். நிறுத்தச் சொன்னது உன் மாதேவிதான். உன்னிடம் நான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் பத்திரிகை, பத்திரிகைக்குப் பிறகுதான் கல்யாணம் என்று அவள் எனக்கு நிபந்தனை போட்டிருக்கிறாள். நான்கு மாதம் அவகாசம் கொடுத்தாள். நான்கு மாதமும் நான் சொல்லவில்லை. "இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லலைன்னா வேண்டாமுங்க, விட்டுருவோம்," என்று நேற்று போனில் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

சொல்ல வேண்டியது ஒரு கவரைப் பற்றி. வெள்ளைக் காகிதக் கவர். ஆனால் நேராகக் கவருக்குப் போய்விட முடியாது. கொரியா வழியாகப் போய், ஜப்பானில் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம்தான் நம் மைசூர் அக்ரஹாரத்தில் இருக்கும் அந்த ஓட்டலுக்கு வர முடியும். வழியில் உனக்கு உபயோகமான சில விஷயங்களும் சொல்கிறேன். மாதேவி இந்தக் கொரிய, ஜப்பானிய டிவி நாடகங்களை விடாமல் பார்க்கிறவள். கல்யாணத்துக்குப் பிறகு நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். எதைப் பார்க்கலாம், எது வரும்போது எழுந்து பால் வாங்கப் போகலாம் என்று தெரிந்திருப்பது நல்லது.

ஆரம்பித்து வைத்தவன் நீதான். என் கணுக்கால் பிசகிய மாதம். கல்லூரி நூலகத்துக்கு ஆறு வாரம் லீவு. காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு நான் உன்னையும் அப்பாவையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் அமைதி வேண்டும் என்று நீ டிவியில் ஒரு கொரிய நாடகத்தைப் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாய். அன்று சாயங்காலம் நஞ்சன்கூடு ரயிலில் வந்து இறங்கிய அப்பாவும் என்னோடு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் அந்தக் கதாநாயகி தன் காதலனைப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டாள். கொஞ்சிக் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அப்பா எழுந்துபோய் டிவியை அணைத்தார். நீ வந்ததும் விசாரணை நடந்தது. அது அப்பா இல்லை, ஒப்பா, கொரிய பாஷையில் பெண்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல், காதலனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பொறுமையாக விளக்கினாய். அப்பா கொஞ்சம் யோசித்தார். "அது இன்னும் மோசம்டா," என்றார். ஆனால் மறுநாள் ரயிலை விட்டு நேராக வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், அந்த அண்ணன் என்ன ஆனான் என்று கேட்டார்.

பெயர்கள் எனக்கு நிற்பதில்லை. நானே பெயர் வைத்துக்கொள்வேன். முட்டைக்கோஸ் நாடகம் என்று ஒன்று. மூன்று ஓரகத்திகள் குளிர்காலத்துக்கு முன் ஒரு வாசலில் உட்கார்ந்து மலைபோலக் குவிந்த முட்டைக்கோஸுக்கு மிளகாய் விழுது தடவுகிறார்கள். பதினாறு பகுதியும் தடவுகிறார்கள். யாருக்கு வீடு, யார் மாமியாரை வைத்துக்கொள்வது, யார் புருஷன் எங்கே போகிறான், எல்லாம் கையுறை போட்ட கையோடு பேசி முடிக்கிறார்கள். அதைக் கட்டாயம் பார். கைக்கு வேலை இருந்தால் வாய் எவ்வளவு உண்மை பேசும் என்று அதில்தான் புரிந்துகொண்டேன். கம்பெனி வாரிசு வருகிற நாடகங்களை விட்டுவிடு. வாரிசு எப்போதும் கண்ணாடிச் சுவர் ஓரமாக நின்று ஊரைப் பார்ப்பான். ஊரில் அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. எந்தக் கொரிய நாடகமானாலும் பன்னிரண்டாம் பகுதியில் ஜாக்கிரதையாக இரு. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கேதான் மறதி வரும், சிறுநீரகம் பழுதாகும், இல்லாவிட்டால் வெள்ளை லாரி வரும். சாலையைக் கடக்கிறவர் நடுவில் நின்று போனை எடுத்தால் நீ பால் வாங்கப் போகலாம்.

திரையின் அடியில் வரும் ஆங்கில எழுத்து அப்பாவுக்கு அந்த வேகத்தில் ஓடாது. அதனால் கீழே வருவதை நான் தமிழில் சொல்வேன். முதலில் உள்ளபடி சொன்னேன். போகப்போகக் கைவைக்க ஆரம்பித்தேன். ஒருத்தி தன் புருஷனிடம் "உன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை" என்றாள். அன்று எனக்கும் அப்பாவுக்கும் காலையிலிருந்தே சரியில்லை. அதனால் "ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுங்க" என்று சொல்லி வைத்தேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு இவள் எங்கே போகிறாள் என்று அப்பா கேட்டார். ஏதோ சமாளித்தேன். சுகமாக இருந்தது. அடுத்தவர் வாயில் வருவதை நம் விருப்பப்படி திருப்பிச் சொல்வதில் இப்படி ஒரு ருசி இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள். சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

கொரியாவில் அலுத்தபோது ஜப்பானுக்குப் போனேன். அங்கே பத்துப் பகுதிகளில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் வாக்கியத்தின் கடைசியில் "நே" என்று ஒன்று போடுகிறார்கள். மழை வருது நே. குளிருது நே. நாம் இந்த ஊரில் பேசுகிற தமிழில், இல்லையா என்பதற்குக் கன்னடத்திலிருந்து "அல்வா" என்று போடுகிறோமே, அதேதான். சென்னை சித்தி முதல் தடவை வந்தபோது "சாப்பாடு ஆச்சு, அல்வா?" என்று நீ கேட்க, அவள் சாப்பாட்டுக்குப் பிறகு வெகுநேரம் இனிப்புக்காகக் காத்திருந்தாள். ஜப்பான் நாடகத்தில் எனக்குப் பிடித்தது பிரிட்ஜ் நாடகம். விவாகரத்து ஆன இருவர். எல்லாவற்றையும் பிரித்துக்கொள்கிறார்கள், பிரிட்ஜை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதனால் ஆளுக்கொரு தட்டு என்று வைத்துக்கொள்கிறார்கள். அவன் காய்கறி எடுக்க வருவான். அவள் தயிர் எடுக்க வருவாள். ஒன்பது பகுதிகள் பிரிட்ஜ் கதவு திறந்து மூடுகிறது. பத்தாவதில் மின்சாரம் போகிறது. அவ்வளவுதான் கதை. நான் அழுதேன். நம் பிரிட்ஜில் இருந்த பாலும் அன்று கெட்டுப்போயிருந்தது என்று அப்பா சொன்னார். பார்க்க வேண்டிய நாடகம். ஆனால் அவர்களைப் போல இருக்காதே. மனதில் இருப்பதைச் சொல்லாமல் ஜன்னல் வழியாக ரயிலைப் பார்ப்பது நாடகத்தில் அழகு. வீட்டில் அது அழுகிப்போகும்.

இப்போது கவர். கொரிய நாடகம் பத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடமாக இருக்கும். பணக்காரப் பையன், இல்லாத வீட்டுப் பெண். பையனின் அம்மா அந்தப் பெண்ணை ஒரு காபிக் கடைக்குத் தனியாக வரச் சொல்வாள். முத்துமாலை போட்டிருப்பாள். பேச மாட்டாள். கைப்பையிலிருந்து வெள்ளைக் கவரை எடுத்து, மேசைமேல் வைத்து, இரண்டு விரலால் அந்தப் பெண் பக்கம் தள்ளுவாள். உள்ளே பணம். வாங்கிக்கொண்டு என் மகனை விட்டுவிடு. பெண் வாங்க மாட்டாள். அம்மா தண்ணீர் டம்ளரை எடுத்து அவள் முகத்தில் வீசுவாள். முகம் சொட்டச் சொட்டப் பெண் எழுந்து போவாள். போய் அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அவனும் காரணம் தெரியாமல் மழையில் நிற்பான். "சொல்லித் தொலையேண்டி" என்று நான் எத்தனை பெண்களைத் திட்டியிருப்பேன். சொல்லிவிட்டால் நான்கு பகுதி மிச்சமாகும். அந்தக் காட்சி வரும் நாடகம் எதையும் நான் இப்போது பார்ப்பதில்லை. காரணம் கீழே.

போன தை மாதம் நீ அடுப்படியில் வந்து நின்று மாதேவியைப் பற்றிச் சொன்னாய். உன் ஆபீசில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டபோது உனக்கு ஊசி போட்ட லேப் பெண். ஊசி வலிக்கவே இல்லை என்று நீ மூன்று முறை சொன்னாய். தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளிக்காரர்கள், மைசூருக்கு வந்து இருபது வருஷம், அவள் அப்பா கொத்தனார் என்றாய். அவர் பெயரைச் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நம் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டியவர். நான்கு நாள் வேலை செய்தார். ஒரு டைல்ஸ்கூட ஏறியிறங்கி இல்லை. நான்கு நாளும் நாம் கண்ணாடி டம்ளரில் டீ குடித்தோம். அவருக்கு நான் பேப்பர் கப்பில் கொடுத்தேன். கப்பு அவருக்காகவே வாங்கியது. உனக்கு அப்போது இது கண்ணில் படவில்லை. எனக்கும் அப்போது உறுத்தவில்லை. எம்.ஏ. படித்தவள். நூலகத்தில் சமத்துவத்துக்குத் தனி அலமாரி வைத்திருப்பவள். உன்னிடம் "நல்லது, பார்க்கலாம்" என்றேன். நான் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

வேண்டாம் என்று உன்னிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஜாதகம் சொல்லட்டும் என்று யோசித்தேன். பொருந்தவில்லை என்று வந்தால் யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. பொருந்திவிட்டால்? பொருந்தாது என்று சொல்லக்கூடிய ஜோசியர் ஒருவரையும் மனதில் வைத்திருந்தேன். இதைக்கூட நான் எழுதத்தான் வேண்டும். உன் ஜாதகத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு, உனக்குத் தெரியாமல் அவளுக்குப் போன் செய்து, மத்தியான இடைவேளையில் அந்த ஓட்டலுக்கு வரச் சொன்னேன். அப்பா வர வேண்டாம் என்றேன். வந்தார். தூணுக்குப் பின்னால் ஒரு மேசையில் உட்கார்ந்து மசாலா தோசை சொன்னார். அங்கே தோசை நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

அவள் லேப் கோட்டோடு வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்தேன். கவரை மேசைமேல் வைத்தேன். இரண்டு விரலால் தள்ளினேன். ஏன் இரண்டு விரல்? தெரியாது. ஒரு வருஷமாக அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன். "இதைக் கொண்டுபோய் உங்க அப்பாகிட்ட கொடு. அவருக்குப் புரியும். அவன்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லவேண்டாம்," என்றேன். இப்போது நீ சிரிக்கலாம். அவள் சிரிக்கவில்லை. கவரையே பார்த்தாள். "எத்தனைங்க?" என்று கேட்டாள். பொருத்தம் எத்தனை பார்ப்பீர்கள் என்று கேட்கிறாள் என நினைத்தேன். "பத்து," என்றேன். அவள் முகம் வெளுத்தது. கறாராக இருக்கிறேன் என்று பயந்துவிட்டாள் போல, கொஞ்சம் இறங்கி வருவோம் என்று, "பத்துல ஆறு தேறினாலும் போதும்," என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே. அதற்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

தண்ணீர் லோட்டா மேசை ஓரத்தில் இருந்தது. எனக்கு நாக்கு வறண்டிருந்தது. எடுத்தேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். துப்பட்டாவை முகத்துக்கு நேராகக் கொஞ்சம் தூக்கினாள். நான் குடித்தேன். பெண்ணுக்குத் தலைவலி போலிருக்கிறது என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, நனையவில்லை என்று பார்த்து, கவரை என் பக்கமே தள்ளினாள். "எங்கப்பா கொத்தனாருங்க. கூலியத் தவிர வேற எதுக்கும் கை நீட்டுனதில்லீங்க," என்றாள். எழுந்து போய்விட்டாள். ஜாதகத்துக்கும் கூலிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் உட்கார்ந்திருந்தேன். தூணுக்குப் பின்னாலிருந்து அப்பா இன்னொரு காபி சொல்வது கேட்டது.

அடுத்த பன்னிரண்டு நாட்கள் உனக்கு நினைவிருக்கும். அவள் போனை எடுக்கவில்லை. லேப் வாசலில் போய் நின்றாய். பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தாய். தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. உன்னைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. ஏழாம் நாள் நீ, "ஏம்மா, அவளுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் ஜாதகத்தைத் திருப்பிவிட்டாள். அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஓட்டலுக்குப் போனதைச் சொல்லியிருக்க வேண்டும். "அவளுக்கு விருப்பம் இல்ல போல இருக்கு. சும்னிரு, சும்மா இரு, தானா சரியாகும்," என்றேன். அவள் சொல்லாததை அவள் சொன்னதுபோல உனக்குத் தமிழில் சொன்னேன். அப்பாவுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். நான் உனக்குச் செய்தது இதுதான். ஓட்டல்கூடப் பரவாயில்லை.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். நானும் அப்பாவும் ஒரு வாரிசு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தோம். காபிக் கடை வந்தது. முத்துமாலை வந்தாள். கவரை வைத்துத் தள்ளினாள். நான் வழக்கம்போல வசனம் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா வறுத்த கடலையை மென்றுகொண்டே சொன்னார்: "இந்தம்மா உன்ன மாதிரியே தள்ளுது, நோடு." பார் என்பதைக் கன்னடத்தில் சொன்னால் போதும் என்று அவர் நினைத்தார். பார்த்தேன். தள்ளும் விரல் இரண்டையும் பார்த்தேன். பெண் கேட்டாள். கீழே எழுத்து ஓடியது: எவ்வளவு? மாதேவி அன்று கேட்ட "எத்தனைங்க"வும் இதுதான். அப்பா என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். முத்துமாலை டம்ளரை எடுத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நம் வீட்டில் லிஃப்ட் கிடையாது. கழுத்தில் இருப்பது முத்து இல்லை. மாதக் கடைசியில் கேஸ் தீர்ந்தால் பக்கத்து வீட்டு அடுப்பைப் பார்க்கிறவள் நான். ஆனாலும் அந்த வேஷம் எனக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிட்டது. ஒரு பிடிப்பும் இல்லை, ஒரு தொளதொளப்பும் இல்லை.

மறுநாள் காலை லேப்புக்குப் போனேன். பேசுவதற்கு வழி இல்லை. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார்கள். சர்க்கரைப் பரிசோதனைக்குச் சீட்டு எடுத்தேன். சும்மா துணைக்கு வந்த அப்பா, வந்தது வந்தோம் என்று கொழுப்புக்கு ஒரு சீட்டு எடுத்தார். டோக்கன் கூப்பிட்டார்கள். அவள் தலை நிமிராமல் பெயர் கேட்டாள். சொன்னேன். வயது கேட்டாள். சொன்னேன். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"சாப்பிடாம வந்திருக்கீங்களா?"

"ஆமா."

முழங்கைக்கு மேல் ரப்பர் நாடாவைக் கட்டினாள். கையை இறுக்கி மூடிக்கொள்ளச் சொன்னாள். ஊசி நெருங்கும்போது நான், "அன்னிக்குக் கவர்ல பணம் இல்ல," என்றேன்.

"அசையாதீங்க." ஊசி இறங்கியது. நீ சொன்னது சரி, வலிக்கவில்லை. குழாயில் ரத்தம் ஏறியது. அதையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப என்னங்க இருந்துச்சு?"

"ஜாதகம்."

"ஜாதகத்துக்கு மஞ்ச தடவுவாங்களேங்க. நாலு மூலைக்கும். மஞ்ச இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்க."

"வீட்டுல மஞ்சள் தீர்ந்துபோச்சு."

சொன்ன பிறகு யோசித்தேன். நம் வீட்டில் என்றைக்கு மஞ்சள் தீர்ந்திருக்கிறது. அன்று புறப்படும்போது டப்பாவைத் திறந்தேன். விரலால் தொட்டேன். அப்புறம் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் முதல் குழாயைக் கழற்றி இரண்டாவதை மாட்டினாள். கை நடுங்கவில்லை. இந்தக் கையிடம் பொய் சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. ஊசி உள்ளே இருக்கிறது.

"தீரல," என்றேன். "தடவ மனசு வரல."

"பொருந்தலைன்னு சொல்லோணும்னு இருந்தீங்களா?"

"ஆமா."

"அப்ப நான் தப்பா நெனக்கலைங்க."

ரிசல்ட் வாசிப்பது போலச் சொன்னாள். ஊசியை எடுத்தாள். பஞ்சு வைத்து, கையை மடக்கி, ஐந்து நிமிஷம் எடுக்கக்கூடாது என்றாள். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். நாடகத்தில் இந்த இடத்தில் முழங்கால் போடுவார்கள். எனக்குக் கணுக்கால். அவளே பேசினாள். உன்னிடம் அவள் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அம்மாவைப் பற்றி மகனிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் ஆயுசுக்கும் கோள் சொன்னவள் என்று ஆகிவிடாதா என்று கேட்டாள். அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்வதாகச் சொன்னாள். அப்புறம்தான் அந்த நிபந்தனை.

"அவருகிட்ட நீங்களே சொல்லீருங்க. கல்யாணத்துக்கு மின்ன. மஞ்சக் கதையவும் சேத்தி."

"அவன் என்னை வெறுத்துடுவானே, மாதேவி."

"கொஞ்ச நாளைக்குத்தானுங்க," என்றாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். அடுத்த டோக்கன் அப்பா.

நான்கு மாதத்தில் மூன்று முறை முயற்சி செய்தேன். முதல் முறை நீ சந்தோஷமாக இருந்தாய், கெடுக்க வேண்டாம் என்று விட்டேன். இரண்டாம் முறை வருத்தமாக இருந்தாய், இன்னும் வருத்த வேண்டாம் என்று விட்டேன். மூன்றாம் முறை சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை, சும்மா வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அப்போதும் விட்டேன். எத்தனை கதாநாயகிகளைச் "சொல்லித் தொலையேண்டி" என்று திட்டியவள். திட்டுவதற்குச் சோபா போதும். சொல்வதற்கு எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. இதற்கு நடுவில் மாதேவியின் அப்பா நிச்சயதார்த்தத்துக்கு வந்தார். என் கையால் கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தேன். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, குளியலறைக்குள் போய், சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் கழலவில்லை என்றார். பேப்பர் கப்பு அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று முகத்தில் தேடினேன். தெரியவில்லை. இருந்தால் அதையும் என்றாவது நான்தான் கேட்க வேண்டும்.

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, பார்க்கத் தகுந்த கொரிய, ஜப்பானிய நாடகங்கள் என்று நான்கு பக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தேன். எந்த நாடகத்தில் ஆரம்பித்தாலும் அந்த ஓட்டலில் போய் நின்றது. இதையே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஊர் பார்க்கச் சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றிச் சொல்ல முடியாது. என்னைப் போன்றவளுக்கு அந்தக் கட்டு வேண்டியிருக்கிறது. முதலில் நீ படி. பிறகு மாதேவியிடம் கொடு. அவள் பேசியதாக நான் எழுதியிருப்பதில் எங்கேயாவது பிசகு இருந்தால் அவள் சொல்கிறபடி அடித்துத் திருத்து. என்னிடம் கேட்க வேண்டாம். இத்தனைக்கும் பிறகு உன் கோபம் எத்தனை நாள் என்று அவளுக்குத்தான் கணக்குத் தெரியும் போலிருக்கிறது. எனக்குத் தெரியாது. மூன்றாவது மனிதர் கண்ணில் இது படக்கூடாது என்று தோன்றினால் கிழித்துப் போட்டுவிடு. நகல் எடுத்து வைக்கவில்லை. உன்னையும் அவளையும் தவிர வேறு யாராவது இந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தால், நீ கிழிக்கவில்லை.